கடைசிப் பாட்டு வரைக்கும்

கதவுக்கு எண்ணெய் போடுகிற வேலை எனக்குப் பிடிக்கும். கீலில் இரண்டு சொட்டு விட்டு, கதவை முன்னும் பின்னும் ஆட்டினால் கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றுவிடும். பலன் உடனே தெரிகிற வேலைகள் உலகத்தில் குறைவு. காலமெல்லாம் மூட்டை தூக்கியவனுக்கு அதன் அருமை தெரியும்.

நீங்கள் சொல்லச் சொன்னீர்கள். நான் எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு எழுத்து வந்தது தலை நரைத்த பிறகுதான். சங்கத்தில் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா.

முதுகு ஒத்துழைக்காமல் போனபின் அந்தக் கலைக்கூடத்தில் சேர்ந்தேன். கூட்டுவது, துடைப்பது, பல்பு மாற்றுவது. மற்ற நேரத்தில் மாடியில் கேட்கும் அறை வாசலில் நிற்பது. கேட்கும் அறை என்பது சின்ன இருட்டறை. சுவரெல்லாம் மெத்தை, கதவிலும் மெத்தை. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால், உழைப்பாளிகள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். துறைமுகத்தில் வடம் இழுத்தவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், செங்கல் சூளைக்காரர்கள். எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு பெண் குரல். வாசலில் இருந்த பலகையில் அதற்கு எழுதியிருந்தது: கல் குவாரி, பெண், பெயர் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அது என் வீட்டுக்காரி. அவள் போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் குவாரிக்கு யாரோ மிஷினோடு வந்து பாட்டைப் பிடித்துக்கொண்டு போனதாக ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தரை துடைக்கப் போனவன், ஈரத் துணியும் கையுமாக அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு அந்தப் பெண் வந்தாள். மேலிடத்திலிருந்து கணக்கெடுக்க அனுப்பியிருந்தார்கள். காவல்காரர்கள் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொரு அறை வாசலுக்கு மேலும் ஒரு கண்ணை மாட்டினாள். யார் உள்ளே போனாலும் வந்தாலும் அது எண்ணும். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னத் திரை. உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள் என்று அதில் வரும்.

"கூட்டத்தை மட்டும் எண்ணி என்ன பிரயோஜனம் அண்ணே? அது வருஷக் கடைசியில அறிக்கையில போட்டுட்டு மறந்துடுற கணக்கு. எங்க நிக்கிறாங்க, எங்க அலுத்துப் போறாங்கன்னு தெரியணும். அப்பதான் அந்தக் கணக்கு நமக்கு உழைக்கும்."

கணக்கு உழைக்கும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. திரையை வாசிக்க எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். என்னை அப்படி உட்காரவைத்துப் பேசியவர்கள் குறைவு.

கொஞ்ச நாளில் அவள் முகம் வாடியது. "உங்க அறைதான் அண்ணே ரொம்ப மோசம். உள்ள போறாங்க, ரெண்டு பாட்டு கேக்குறாங்க, வந்துடுறாங்க. ஆள் நிக்காத அறையை மூடிட்டு காபி கடை போடலாம்னு மேனேஜர் சொல்றாரு."

"பாட்டெல்லாம் என்னாகும் பாப்பா?"

"கிடங்குக்குப் போயிடும்."

கடைசிப் பாட்டு வரைக்கும் ஒருவர்கூட இருப்பதில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரி பாட ஆரம்பிக்கும்போது உள்ளே வெறும் பெஞ்சு.

முதலில் பெஞ்சுக்கு மெத்தை போட்டேன். பலன் இல்லை. காற்று மிஷின் இரைச்சலில் அவள் குரல் அமுங்குகிறது என்று தோன்றியதால் அதை நிறுத்தினேன். அதற்கும் பெரிதாகப் பலன் இல்லை. கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது, கூடம் மூடியபின் போடுவதற்காக. பகலில் அது சும்மாதான் இருந்தது.

ஆள் உள்ளே போனதும் போடுவேன். எந்த நிமிஷத்தில் எந்தப் பாட்டு என்று எனக்கு மனப்பாடம்; திரையில் நேரத்தைப் பார்த்து, கடைசிப் பாட்டு முடிந்ததும் எடுப்பேன். அவ்வளவுதான். வெளியே வருகிறவர்கள் வியர்த்துப்போய், "என்னப்பா, கதவு திறக்கவே இல்ல" என்பார்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் காட்டி, "மழை ஈரம் சார், இறுகிப்போச்சு" என்பேன். சிலர் சத்தம் போட்டார்கள். ஒருவர், "நல்லவேளை, கடைசிப் பாட்டைக் கேட்டேன்" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

கீழே பை வாங்கி வைக்கிற கண்ணாடிக்காரர் கேலி பண்ணுவார். "என்னய்யா, உன் அறைக்குள்ள போனவங்க வர மாட்டேங்கிறாங்க. உள்ள விருந்து வைக்கிறியா?"

"வந்து பாருங்களேன்."

"வேணாம்பா. எனக்கு வீட்டுல ஒருத்தி பாடுறதே போதும்."

திரையில் நிமிஷக் கணக்கு ஏறியது. புள்ளி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். காபி கடைப் பேச்சு நின்றது. மற்ற ஊர்க் கலைக்கூடங்களும் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் போனதாகச் சொன்னாள். இருட்டும் மெத்தைப் பெஞ்சும் இருந்தால் மக்கள் நின்று கேட்பார்கள் என்று அறிக்கை எழுதினாளாம். நான் பொய்க் கணக்குக் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. திரையில் வந்த ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவர் உண்மையாகவே உள்ளே இருந்த நிமிஷம்.

அந்த அம்மா தனியாக வந்தார். கூடத்து விதிப்படி பையும் போனும் கீழே கொடுத்திருந்தார். மூச்சுக்கு இழுக்கிற மருந்து அந்தப் பைக்குள் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"எவ்ளோ நேரம்ப்பா ஓடும்?"

"கொஞ்ச நேரந்தாம்மா. கடைசி வரைக்கும் கேளுங்க."

"பாதியில வரலாம்ல? அடைச்ச இடம் எனக்கு ஒத்துக்காது."

"வரலாம்மா."

தாழ்ப்பாளைப் போட்டேன். சூளைப் பாட்டு ஓடும்போது தட்ட ஆரம்பித்தார். சத்தம் வெளியே வராது. ஆனால் கதவில் உள்ளங்கையை வைத்தால் தெரியும். கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி இருக்கும். கையை வைத்துக்கொண்டு நின்றேன். திறக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் பாட ஆரம்பித்திருந்தாள். ஒருத்தி பாடும்போது நடுவில் கதவைத் திறப்பது மரியாதையாகப் படவில்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது தட்டுவது நின்றது. கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தேன். உள்ளே ஒருவர் என்று இருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் தாழ்ப்பாளை எடுக்கப் போனேன். இவ்வளவு அமைதியாகக் கேட்கிறவரை ஏன் கலைக்க வேண்டும் என்று இன்னொரு சுற்று விட்டேன். அதற்குப் பிறகு இன்னொன்று. அந்த அறையில் அதுவரை யாரும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. கீழே தன் மேசையில் புள்ளியும் அதைப் பார்த்திருக்கிறாள். "அண்ணே, யாரு அந்த ரசிகை?" என்று கேட்டபடி பூச்செண்டுபோலச் சிரித்துக்கொண்டு படியேறி வந்தாள். தாழ்ப்பாளை எடுத்தது அவள்தான்.

அவர் கதவோரம் சாய்ந்து கிடந்தார். நகங்கள் மெத்தைத் துணியைக் கிழித்திருந்தன. உள்ளே துறைமுகப் பாட்டு மறுபடி ஆரம்பித்திருந்தது.

அவரைக் கொன்றது நான்தான். மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தும் திறக்கவில்லை. அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று புள்ளி இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். அது யார் குரல் என்று அவளிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல், "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பாட்டை உங்க போன்ல ஏத்திக் கொடுத்திருப்பேனே அண்ணே. வீட்டுலயே கேட்டிருக்கலாமே" என்று அழுதாள். அவளுக்கு எப்படி விளக்குவது? வீட்டில் என் வீட்டுக்காரி பாடியதே இல்லை. நல்லபடியாகத்தான் வைத்திருந்தேன். ஊர் கெட்டுக் கிடக்கிறதே என்று, வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவேன். அவள் சாகும்வரை அப்படித்தான். திரும்பி வந்து அசதியில் படுத்துக்கொண்டு, ஒரு பாட்டுப் பாடேன் என்பேன். "நாளைக்குக் கதவைத் தொறந்து வச்சிட்டுப் போ, பாடுறேன்" என்பாள். பாட்டுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை ஐயா.