வீட்டை விட்டுப் போகச் சொல்லும் காட்சி

நல்லரத்தினம்: ‘அந்தக் கப்பல் முதலாளியை மணந்துகொள். இல்லையென்றால் என் வீட்டை விட்டு...’ இது சரிவராது மகள்.

யசோதினி: ஏனப்பா நிப்பாட்டினீங்க? நாளைக்கு கம்பஸில எங்கட நாடக ஒத்திகை. தகப்பன்ட வசனத்த மட்டும் வாசிங்க.

நல்லரத்தினம்: எழுதினவனுக்கு விசர். வீடு பொட்டைப் பிள்ளைக்குத்தானே சீதனமாப் போறது? அவளை எப்பிடி வெளிய போகச் சொல்லுவான்?

யசோதினி: இது நானூறு வருசத்துக்கு முந்தின இத்தாலிக் கதை. அங்க வீடு தகப்பனுக்கு.

நல்லரத்தினம்: பொட்டைக்கு?

யசோதினி: ஒண்டுமில்ல. தகப்பன் காட்டுற ஆளக் கலியாணம் முடிக்கணும்.

நல்லரத்தினம்: பாவம்... சரி. ‘என் வீட்டை விட்டு வெளியே போ!’

கண்ணகை: ஆர்ர வீட்ட விட்டு ஆரு போறது?

நல்லரத்தினம்: நாடகம் கண்ணகை, நாடகம்! நீ அடுப்பப் பாரு.

கண்ணகை: இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நீங்க ஒரு தகரப்பெட்டியோட வந்து ஏறின ஆள்... நினைப்பிருக்கட்டும்.

நல்லரத்தினம்: கேட்டியா? இந்த வசனம் பேச எனக்குத் தகுதியில்ல.

யசோதினி: சிரிக்காதீங்கப்பா. கடைசிக் காட்சிக்குப் போங்க.

நல்லரத்தினம்: ம்... ஆம்பிள வேசம் போட்டு எல்லாரையும் மடக்கிட்டாள். விரும்பினவனையே முடிக்கிறாள். கெட்டிக்காரி... இதென்ன, இங்க உனக்கு வசனமே இல்ல?

யசோதினி: தகப்பன் கையப் பிடிச்சிக் குடுத்த பிறகு அவள் கதைக்க மாட்டாள்.

நல்லரத்தினம்: நாலு அங்கமும் ஓயாத வாய்...

யசோதினி: அப்பா.

நல்லரத்தினம்: என்ன?

யசோதினி: எனக்குப் பேசின சுவிஸ் மாப்பிளட ஆக்களுக்கு ஞாயித்துக்கிழமை மறுமொழி சொல்லணுமாம்... என்ன சொல்லப் போறீங்க?

நல்லரத்தினம்: அது இந்த நாடகக் கொப்பியில இல்லையே.

யசோதினி: பகிடி விடாதீங்க... எனக்கு அந்த ஆள் வேணாம்.

நல்லரத்தினம்: வேற ஆரு வேணும்?

யசோதினி: ...நாடகத்தில என்னை முடிக்கிற பொடியன். நிதுர்ஷன்.

கண்ணகை: குசினிக்குக் கேக்கல்ல. சத்தமாச் சொல்லு.

யசோதினி: நிதுர்ஷன், அம்மா! செங்கலடி நிதுர்ஷன்!

கண்ணகை: அப்பாடா.

யசோதினி: என்ன அப்பாடா? ...அப்பா, உங்களுக்கு முதலே தெரியுமா?

நல்லரத்தினம்: முந்தநாள் செங்கலடிச் சந்தியில என்ர உரமூட்டைய பஸ்ஸில ஏத்தித் தந்தான். பேரச் சொன்னான், விசயத்தையும் சொன்னான். உன்ர வாயால வரட்டும் எண்டுதான் ரெண்டு நாளா இந்தக் கண்டறியாத கொப்பியப் பிடிச்சிக்கொண்டிருக்கன். ஞாயித்துக்கிழமை சுவிஸ்காரர் வந்தா மறுமொழிய நீயே சொல்லு, மகள். நாளைக்கு உனக்கு வாற வீடுதானே இது.