தேம்ஸில் நான் பிடித்த சினைமீன்

தலைமையைத் தன் பொறுமையால் பெருமைப்படுத்தும் கமலேஸ்வரி அம்மையார் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பனியிலும் குளிரிலும் பிள்ளைகளை ஆளாக்கிய அன்னையரே! ஹவுன்ஸ்லோவை ஊராக்கிய உறவுகளே! விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் இந்த றெஜினோல்டின் வணக்கம்.

ஆற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த ஆறு? மேற்கே குன்றடியில் ஊற்றாய் ஊறி, ஒக்ஸ்போர்ட்டைத் தொட்டு, றீடிங்கைத் தழுவி, ரெடிங்ரனில் கடலின் வற்றுப்பெருக்கைச் சந்திக்கும் தேம்ஸ்! நாரை தவம் நிற்கும் ஆறு. கடல்நாய் நீந்தி வரும் ஆறு. ரோமர் வந்தார், குடியமர்ந்தார். கப்பலேறி வந்தவரும் குடியமர்ந்தார். அகதிப் பத்திரத்தோடு நாமும் வந்தோம். யாருக்கு இடமில்லை என்றது இந்நதி? ஆனால் கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பும் ஆதிக்குடியான சமன் மீனை, ஆலைக்கழிவும் அணைக்கட்டும் சேர்ந்து நூறாண்டுக்கு மேல் விரட்டிவிட்டன. பிறகு ஆற்றைச் சுத்தமாக்கினார்கள். ஒன்றிரண்டு திரும்பின.

அப்படித் திரும்பிய ஒன்றைத்தான், சபையோரே, நான் பிடித்தேன்.

மூன்றாண்டுக்கு முன், ஓர் ஐப்பசி. மன்னார்க் கடலில் வலையிழுத்த கை சும்மா இருக்குமா? ரெடிங்ரன் அணைக்கட்டடியில் தூண்டில் போட்டேன். பெரிய மீன். பெயர் தெரியவில்லை. யாரது, அங்கே சிரிப்பது? ஓம் தம்பி, நாம் கண்ட சமன் எல்லாம் கடையில் விற்கும் தகர ரின்னுக்குள்தானே இருந்தது! அதற்கொரு முகம் உண்டென்று எனக்கெப்படித் தெரியும்?

வீட்டில் என் மனைவி பிலோமினம்மா வயிற்றைக் கீறினாள். "இஞ்சருங்கோ, சினைமீன்!" என்று கூவினாள். சினையின் ருசியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பொரித்து நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். மிச்சத்தில் கூழ் காய்ச்சினோம்.

அப்போது மகள் டயனா வந்தாள். ஆறுகளில் மீன் கணக்கெடுப்பது அவள் தொழில். வெட்டிப்போட்ட தலையைப் பார்த்தாள்.

"அப்பா, இது சமன். முட்டை போட வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது."

அன்றிலிருந்து என் மேசையில் அவள் சாப்பிடுவதில்லை.

வீடு திரும்ப ஏலாமல் முப்பதாண்டு அழுதவன் நான். வீடு திரும்பிய ஒருத்தியைக் கண்டதும் என்ன செய்தேன்? அடுப்பில் சட்டி வைத்தேன்! கடலைக் கடந்தாளே! கடல்நாய்க்குத் தப்பினாளே! கழிவுக்கும் தப்பினாளே! கடைசியில் ஓர் அகதியின் கைக்குத் தப்பவில்லையே! வெட்கப்படுகிறேன். மன்னிப்புக் கேட்க அவளும் இல்லை, அவள் பிள்ளைகளும் இல்லை.

நேற்று டயனா போன் எடுத்தாள். "சனிக்கிழமை அணைக்கட்டில மீன் பாக்க ஆள் காணாது. வாறீங்களோ அப்பா? தூண்டில் கொண்டு வராதேங்கோ."

போகிறேன். நீங்களும் வாருங்கள். மூன்றாண்டாக அங்கே ஒரு சமனும் ஏறவில்லை என்கிறாள். இனி ஏறுமோ தெரியாது. ஏறினால், இந்த முறை வழிவிட்டு நிற்போம். என் குற்றத்தைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, தலைகுனிந்து வணங்கி அமர்கிறேன்.