எல்லை ஸ்டேஷனில் கூப்பிட்ட பெயர்

பெயர்: ச. ஆரோக்கியசெல்வம். வயது: 51. தகப்பனார் பெயர்: சவரிமுத்து. தொழில்: சிமெண்ட் ஆலை ஆய்வகப் பணி. விலாசம்: ரெட்டிபாளையம், அரியலூர் மாவட்டம்.

மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எம்.எஸ்சி. வேதியியல் படித்துள்ளேன். தலையில் காயம்பட்டு பெரம்பலூரில் சிகிச்சையில் உள்ள அருள்முருகன் என்னோடு கல்லூரியில் படித்தவர். நான் சொல்லித்தான் ஆலையில் சேர்ந்தார். இன்று எனக்கு மேலதிகாரி. பத்தொன்பது வருடமாக நான் அதே மேசையில் இருக்கிறேன். இது வழக்குக்கு வேண்டாமே என்று ஏட்டய்யா கேட்டார். வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

நானும் அவரும், கூடப் படித்த மதுரைவீரனும் இம்மாதம் தாய்லாந்து, மலேசியாவை ரயிலில் சுற்றிப் பார்க்கப் போனோம். மூவருக்கும் விண்ணப்பங்களை நிரப்பியவன் நான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் இடத்தில் நம் ஆட்களுக்குத் தகப்பனார் பெயர்தான் இருக்கும். விடுதிகளில் என்னைச் சவரிமுத்து என்றே கூப்பிட்டார்கள். எங்கும் நானே முன்னால் நின்று பேசியதால் மற்ற இருவருக்கும் இது தெரியாது.

13-ந் தேதி மாலை ரயிலில் அருள்முருகன் என் தோளைத் தட்டி, "நம்ம செல்வத்துக்கு எல்லாம் தெரியும்டா, கேக்கத்தான் ஆளில்ல" என்றார். மதுரைவீரன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

14-ந் தேதி எங்கள் பயணத்தின் கடைசி நாள். காலையில் அருள்முருகனின் தம்பி வெள்ளைச்சாமி போன் செய்து, தகப்பனார் அய்யம்பெருமாள் இறந்துவிட்டதாகவும், மறுநாள் மதியம் வரை வைத்திருப்பதாகவும், மூத்தவர் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்று மாலையே கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு எங்களுக்கு விமானம் இருந்ததால் நேரத்துக்குப் போய்விடலாம் என்று நானே அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அதன் பிறகு மலேசிய எல்லை ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கிப் பாஸ்போர்ட் பார்த்தார்கள். எனக்கும் மதுரைவீரனுக்கும் முடிந்துவிட்டது. அருள்முருகனின் பாஸ்போர்ட்டை மட்டும் சரிபார்க்க உள்ளே எடுத்துப் போய், அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். மதுரைவீரன் பெட்டிகளோடு, நாங்கள் மாறிப் போக வேண்டிய கோலாலம்பூர் ரயிலில் ஏறிவிட்டார். அதன் பிறகு ஒரு அதிகாரி கதவருகே வந்து, "அய்யம்பெருமாள்" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவர் கையில் அருள்முருகனின் பாஸ்போர்ட் இருந்ததை நான் பார்த்தேன்.

அருள்முருகன் துண்டிலிருந்து முகத்தை எடுத்து, "டேய் செல்வம், எங்கப்பா பேரைச் சொல்லி யாரோ கூப்புடுற மாதிரி இருக்குடா" என்றார்.

"காலையிலேர்ந்து அழுதுட்டே இருக்க. அதான் அப்படித் தோணுது, உக்காரு" என்று நான் சொன்னேன்.

அதிகாரி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் தவிக்கட்டும், பிறகு நானே எழுந்து போய் வாங்கித் தந்து, கேட்க ஆள் உண்டு என்று காட்டலாம் என்பதே என் எண்ணம். ரயில் புறப்படும் அறிவிப்பு வந்ததும் பயந்து, நிறுத்தச் சொல்வதாக அவரிடம் சொல்லிவிட்டு ஓடி ஏறினேன். கதவு மூடிக்கொண்டது. அவர் பெஞ்சை விட்டு எழுந்து நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அவருக்கு அடுத்த ரயில் நாலு மணி நேரம் கழித்துத்தான். விமானத்தை விட்டுவிட்டார். 15-ந் தேதி மதியம் வெள்ளைச்சாமி கொள்ளி வைத்தார். நானும் சுடுகாட்டில் இருந்தேன். கேட்டவர்களிடம் பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல் என்றேன்.

16-ந் தேதி காலை பால் தெளிக்கப் புறப்படும்போது அருள்முருகன் வந்து சேர்ந்தார். கூடப் போன இருவர் வந்துவிட்டார்களே என்று வெள்ளைச்சாமி கேட்க, "அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்புட்டிருக்காங்க, என்னையின்னு எனக்குப் புரியலடா" என்று அழுதார். "பெத்தவன் பேரு உனக்குப் புரியலயா?" என்று வெள்ளைச்சாமி மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி அடித்தார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

வண்டியில் கொண்டுபோகும்போது அருள்முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கும் புரியாமப் போச்சே, நீ என்னடா பண்ணுவ" என்றார். தான் வேண்டுமென்று தங்கவில்லை என்பதற்கு என்னையே சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் தாங்கள் என்னை அழைத்தீர்கள்.

எனக்குப் புரிந்திருந்தது. ஓங்கியது வெள்ளைச்சாமியின் கைதான், ஆனால் அதற்குக் காரணம் நான். அருள்முருகனிடம் நேரில் சொல்ல இரண்டு முறை வார்டு வாசல் வரை போய்த் திரும்பினேன். ஆகவே இந்த வாக்குமூலத்தை அண்ணன், தம்பி இருவருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாங்கி நானே படித்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எதையும் அடிக்கச் சொல்லவில்லை.

(ஒப்பம்) ச. ஆரோக்கியசெல்வம்