ஒன்றரை அங்குலம்

சைக்கிள் கடைக்காரனுக்குக் கை கறுத்திருக்கலாம். காது மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் மேட்டுத் தெருவில் யார் வேலையை விட்டார், யார் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்பதெல்லாம் முதலில் என் கடை பெஞ்சுக்குத்தான் வரும். பஞ்சர் ஒட்டுவதற்குள் பாதி, காற்றடிப்பதற்குள் மீதி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்களே, அந்த ஊர்வாய் நான்தான் ஐயா.

என் தங்கை கணவர் தபால்காரர். அவர் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்த பிறகுதான் எனக்குச் சங்கடம். என் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதைக் கடிதத்தோடு வீடு வீடாகப் பட்டுவாடா செய்துவிடுவார். மாலையில் நான் மூச்சிரைக்க மேடேறிப் போனால், "அதான் உங்க மாப்பிள்ளை காலையிலேயே சொல்லிட்டாரே" என்பார்கள். அதுவும் என்னைவிட நன்றாகச் சொல்வாராம். எனக்குப் பொறாமை இல்லை. சொந்தக்காரர் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

அவருடைய மலை சைக்கிளில் இரண்டரை அங்குல டயர். "தார் ரோட்டுல இழுக்குது மச்சான். உங்க வாய் மாதிரி ஓடுற டயர் ஏதாவது இருந்தா போடுங்களேன்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒன்றரை அங்குல வழவழப்பு டயரைப் போட்டுக் கல் மாதிரி காற்றடித்தேன். "மெலிசு டயர் தார்ல பறக்கும் மாப்பிள்ளை" என்றேன். பொய்யில்லை. ஆனால் கரடுமுரடில் கதை வேறு. காற்றைக் கொஞ்சம் குறைத்த அகல டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போகும். அங்கே வேகமும் அதற்குத்தான். மெலிசு டயர் கல்லுக்குக் கல் துள்ளும், ஈரத்தில் திருப்பினால் பிடி விட்டுவிடும். கீழ்வீடுகளுக்கு அவர் இறங்குவதோ சரளைப் பாதையில். இந்த மீதியை நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு செய்தியை நான் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை தூறல். தங்கை கடைக்கே வந்தாள். "ஏண்ணே, புது டயரு வழுக்காதா? இன்னைக்கு மட்டும் பழசையே மாட்டிக் குடேன்."

"போம்மா, டயரைப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன். பழைய டயர்கள் என் தலைக்கு மேலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் போனதும் கடையைச் சாத்திவிட்டு, சரளைப் பாதை வளைவில் போய் நின்றேன். செய்த வேலையைச் சரிபார்க்க வேண்டாமா? மணியடித்தபடி வந்தார். வளைவில் முன்சக்கரம் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். கடிதங்கள் பள்ளம் முழுக்கப் பட்டுவாடா ஆயின.

"மச்சான்... எந்திரிக்க முடியல. யாரையாவது கூப்பிடுங்க" என்றார். தலையிலிருந்து ரத்தம். கூப்பிடு தூரத்தில் நான்கு வீடுகள். கூப்பிட்டால் செய்தி அவர்கள் வாய்க்குப் போய்விடும். ஆகவே மேடேறித் தங்கையிடம் நானே போனேன், எங்கே ஆரம்பிப்பது என்று கோத்துக்கொண்டே.

"மாப்பிள்ளை போயிட்டாரும்மா" என்றேன். எனக்கு முன்னால் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் மயங்கி விழுந்தாள். தெருவும் அவசரப்படவில்லை, இறந்தவரைத் தூக்கத்தானே, ஓடி என்ன ஆகப்போகிறது?

என் செய்தி பொய்த்தது என்று யாரும் சொன்னதில்லை ஐயா. இதுவும் பொய்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஆட்கள் இறங்கிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. நான் சொன்ன நேரத்தில் மட்டும் அவர் உயிரோடு இருந்தார். கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.