ரிலே இல்லாமல் ஓடிய வண்டி

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. ஏரிக்கரைச் சாலை. ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை...

என் தோழியின் அண்ணிக்கு நடந்தது இது. அண்ணிக்குக் கார் எலக்ட்ரீஷியன் வேலை. பின் சீட்டில் அவள் தங்கை. நிறைமாதம், வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.

பட்டென்று எஞ்சின் நின்றது.

சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது. மீட்டரில் எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. அப்படியென்றால் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகவில்லை. அந்தக் கரண்டைப் போட்டு அணைக்கும் சின்ன டப்பா, மெயின் ரிலேதான் போயிருக்கிறது.

"அக்கா, இது வண்டியிலேயே பொறந்தா கியர்னு பேர் வெச்சிடுவேன்..."

"பேசாம மூச்சை விடுடி!"

பானெட்டைத் திறந்தாள். ஹாரன் ரிலேயும் அதே அளவுதான். அதைப் பிடுங்கி, மெயின் ரிலேயைக் கழற்றிய இடத்தில் செருகினாள். வண்டி ஓடியது... நூறு அடி. மறுபடி நின்றது.

சாவியை உருவிக்கொண்டு இறங்கி, ரிலேமேல் விரலை வைத்தாள். டிக்... டிக்... சாவி கையில் இருக்க, யாரோ உள்ளிருந்து போட்டுப் போட்டு அணைத்தார்கள். கொதிக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் அது மட்டும் பனிக்கட்டி. காதோரம் ஒரு மூச்சு... ஈரமண் வாசனை.

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.

"என் வண்டியில உன் உத்தரவு செல்லாது. என் தங்கச்சி நல்லபடியா பெத்துக்குவா. உன்னால ஆனதைப் பாரு."

ரிலேயைப் பிடுங்கி ஏரியில் வீசினாள். தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை... கரண்ட் வரும் துளையையும் போகும் துளையையும் ஒரு ஒயரால் இணைத்தாள். இனி யாராலும் இடையில் நிறுத்த முடியாது. எஞ்சின் உறுமியது.

ஆஸ்பத்திரி வாசலில் சாவியை எடுத்தும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நேர் ஒயர் போட்டால் சாவிக்கு அது அடங்காது. அவசரத்தில் மறந்திருந்தாள். ஓடட்டும் என்று தங்கையைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்குப் பெண் குழந்தை. ஒயரைப் பிடுங்கக் கீழே வந்தாள். எஞ்சின் நின்றிருந்தது.

"உங்க கூட வந்த அம்மாதான் பானெட்டைத் திறந்து அணைச்சாங்க," என்றார் காவலாளி. "எந்த ரூம்னு கேட்டுட்டு மேல போனாங்களே?"

"என் கூட யாரும் வரலை, அண்ணே."

விறுவிறுவென்று படியேறினாள். தங்கையும் குழந்தையும் மட்டும் இருந்த அறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, குறுக்கே உட்கார்ந்தாள்.

"என்னைத் தாண்டிப் போ, பார்க்கலாம்."

கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது... தங்கையால் அப்போது எழுந்து உட்காரக்கூட முடியாது.