இடது இறக்கை

எங்கள் வீட்டில் சோறு மிஞ்சுவது கிடையாது, ஐயா. ஆளுக்கு அளந்துதான் உலையில் போடுவேன். அதனால் அவர் ஒரு கைச் சோறு குறைத்ததை முதல் நாளே கவனித்துவிட்டேன்.

என் கணவர் கருணாகரன் பஸ் பட்டறையில் மெக்கானிக். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மூன்று வருஷமாக ஒரு சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைப்பதற்கு முன்பே தொடங்கிய வேலை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குடிக்காத மனுஷர், இது ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

மரக்கூடு எழுந்து நின்றபோதுதான் பார்த்தேன், உள்ளே ஒரே ஒரு இருக்கை.

"நான் எங்கங்க உட்கார்றது?" என்று கேட்டேன்.

"இந்த இஞ்சின் ஒரு ஆளைத்தான் தூக்கும்லா, ருக்கு."

சரியான பதில்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை.

பிறகு வாரந்தோறும் அப்துல் சமது கடைத் தராசில் ஏறி எடை பார்க்கத் தொடங்கினார். நாற்பத்திரண்டு வயதில் ஒரு ஆண்பிள்ளை யாருக்காக இளைப்பார்? சமதுவிடமே விசாரித்தேன். விமானத்தில் கனம் கூடக்கூடாதாம் என்றார். ஆண்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஒரு நாள் கொட்டகையைக் கூட்டும்போது ஒரு வரைபடம் கிடைத்தது. மலாக்காவிலிருந்து கடலைத் தாண்டி சுமத்ரா வரைக்கும் ஒரு பென்சில் கோடு. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் ஒளித்துவைப்பார். அக்கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அவள் பெயர்தான் தெரியவில்லை.

இறக்கைக்குத் துணி போர்த்தும் வேலையை என்னிடம் தந்தார். மெழுகு பூசிய தடித்த நூலால் துணியை மரச்சட்டத்தோடு சேர்த்து, மூன்று விரலுக்கு ஒரு முடிச்சு போட வேண்டும். அதன்மேல் பூச்சு பூசினால் துணி விறைத்துக்கொள்ளும், முடிச்சுகள் மறைந்துபோகும். பறக்கும்போது காற்று துணியை மேலே பிடித்து இழுக்கும், அதைத் தாங்குவது உன் நூல்தான் என்று அவரே பொறுமையாக விளக்கினார். அவர் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வலது இறக்கையைப் பத்து நாளில் முடித்தேன். இடது இறக்கைக்கு ரவிக்கை தைக்கிற நூலை எடுத்துக்கொண்டேன். முடிச்சுகள் ஒரே அளவாக, பார்க்க அழகாக இருந்தன. பூச்சையும் நானே பூசினேன். இறுக்கிக் கட்டினாயா என்று கேட்டார். கட்டினேன் என்றேன்.

ஒரு ஞாயிறு காலை லாரியில் ஏற்றி, பத்து பெரெண்டாம் என்கிற ஊரின் விமானத் திடலுக்குக் கொண்டுபோனோம். ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"இது ஒழுங்கா பறந்துட்டா, அடுத்தது ரெண்டு சீட்டு வச்சுக் கட்டுறேன், ருக்கு. நீ பயப்படாம வந்து உட்காரணும்."

விட்டுப் போகிறவர்கள் இப்படித்தான் இனிக்கப் பேசுவார்கள். இருந்தாலும் நூலைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

நன்றாகத்தான் ஏறினார். ரப்பர் மரங்களுக்கு மேலே திரும்பும்போது இடது இறக்கைத் துணி உப்பியது. பிறகு பிய்ந்து பின்னால் தொங்கியது. விமானம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து மரங்களுக்குள் இறங்கிவிட்டது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

வரைபடத்தில் இருந்த அந்தக் கோடு காற்றின் திசையைக் குறிப்பது என்கிறீர்கள். பக்கத்திலேயே இங்கிலீஷில் அவர் எழுதி வைத்திருக்கிறாராம். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஐயா. அக்கரையில் விசாரித்ததில் அப்படி ஒருத்தி இல்லை என்கிறீர்கள். அவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கொலை என்று போட்டிருக்கிறீர்கள். அவர் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். கொல்ல நினைத்திருந்தால், வலது இறக்கையை எதற்கு அவ்வளவு உறுதியாகத் தைத்தேன்?