தறிக்குழியில் ஒரு விண்கலம்

பழைய பீரோ கதவுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும், மேடம். பலர் அதற்குச் சோம்பல்பட்டு நேராகப் பிரஷ்ஷைத் தூக்கிவிடுவார்கள். ஆறே மாதத்தில் செதில் செதிலாக உதிரும். என் பலகையில் ஒன்பது வருஷமாக ஒரு பொட்டுப் பெயின்ட் உதிரவில்லை, அந்தக் கைப்பிடியைத் தவிர. கைப்பிடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலிலிருந்து சொல் என்றீர்கள். என் பெயர் காசிநாதன். வயது நாற்பத்தைந்து. கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் செட் போடும் எலக்ட்ரீஷியன். மாகறலிலும் திருப்புட்குழியிலும் தேரடியில் பல்பாலேயே ஒரு மயில் தோகை விரிக்கும், நீங்கள்கூடப் பார்த்திருக்கலாம். அந்த மயில் என்னுடையது. இப்போது எல்லாவற்றுக்கும் சின்னதாக ஒரு சிப் வந்துவிட்டது. முன்பெல்லாம் மர உருளையில் செப்புத் தகடு அடித்து, மோட்டாரில் சுற்ற விடுவோம். உருளை சுற்றச் சுற்ற விளக்குகள் மாறி மாறி எரியும். அப்படி ஓர் உருளை என்னிடம் சும்மா கிடந்தது. அதிலிருந்துதான் இது ஆரம்பித்தது.

நான் கட்டியது ஒரு விண்கலத்தின் கட்டுப்பாட்டுப் பலகை. நான் ஏழாவது படிக்கும்போது டிவியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விண்கலத் தொடர் வந்தது. பதினேழு வாரம் ஓடி நின்றுவிட்டது. தெருமுனையில் இருந்த ஜினதாஸ் ஐயா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று நானும் என் தம்பி சிவபாலனும் பார்ப்போம். அது ஹிந்தி. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் தம்பி ஒவ்வொரு நிமிஷமும் இன்னா சொல்றாரு, இன்னா சொல்றாரு என்று கேட்பான். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாக ஒரு கதை கட்டிச் சொன்னேன். கேப்டன் இப்படிச் சொல்கிறார், இந்த விளக்கை முதலில் அணைக்க வேண்டும், அந்தச் சுவிட்சைக் கடைசியில்தான் தொட வேண்டும், வரிசை மாறினால் கலம் வெடித்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். பதினேழு வாரமும் அவன் நம்பினான்.

மறுக்கத் தெரியாதது என் சுபாவம். நீங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். காசியிடம் கேட்டால் செய்வான் என்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள், நானும் சரி என்றேன். இரண்டாவது இடத்தில் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அதற்கும் சரி என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பலகையை வைத்தது தறி ரூமில். அப்பா கூலிக்குத் தறி நெய்தவர். அவர் இருக்கும்போதே தறியைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. நெசவாளி உட்கார்ந்து கால் தொங்கவிடும் குழி மட்டும் தரையில் அப்படியே நின்றுவிட்டது, அடியில் மிதிகட்டைகளோடு. ஒரு நாள் குழியில் காலை விட்டு உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது, அந்தக் கேப்டன் இப்படித்தானே உட்கார்ந்திருந்தார் என்று. கால் பள்ளத்தில், மார்பு உயரத்துக்குப் பலகை. அளவு கச்சிதமாக இருந்தது. எங்கள் அப்பா தனக்குத் தெரியாமலே முப்பது வருஷம் ஒரு விண்கலத்தில் உட்கார்ந்திருந்தார்.

பீரோ கதவுதான் முகப்பு. பழைய ஸ்டெபிலைசர்களின் முள் மீட்டர் ஆறு. சிவப்பு, பச்சை, மஞ்சள் இண்டிகேட்டர் நாற்பத்தெட்டு. நடுவில் ஒரு பழைய டிவியின் திரை. நட்சத்திர வரைபடத்துக்கு என்ன செய்வது என்று நான்கு மாதம் தவித்தேன். கடைசியில் அப்பா வைத்திருந்த ஜக்கார்டு அட்டைகள், புடவை பார்டருக்காக ஓட்டை போட்டவை, பரண்மேல் கிடைத்தன. பின்னால் நீல விளக்கு வைத்தேன். அன்னப்பட்சி பார்டர் வானமாகிவிட்டது. அன்றைக்கு நான் அழுதேன், மேடம். சந்தோஷத்தில் அழுதது எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

தெருவில் அதற்குக் காசியோட ராக்கெட்டு என்று பெயர். இந்த வருஷமாவது சந்திரனுக்குப் போகுமா, ஆதாரில் விலாசம் மாற்றணுமா என்று கேட்பார்கள். நானும் சிரிப்பேன். தம்பி சிரித்ததில்லை. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் போய் வருவான். பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குதுண்ணா என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவான். அந்தத் தொடர் அவனுக்கு ஞாபகமே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த வருஷம்தான் சுகாசினி உண்டானாள். வீட்டில் ரூம் இரண்டுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள்தான் ஆரம்பித்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மாமா, கொழந்த தவழ ஆரம்பிச்சா அந்தக் குழியில வுழுந்துடும்னு பயமா இருக்குது. மூடிடலாமா?"

"சாமானை மாடியில ஷீட் போட்டு வெச்சிக்கலாம்ணா," என்றான் தம்பி. "நானே தூக்கியாறேன். நீ இன்னா சொல்றே?"

அம்மா என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "சரிப்பா," என்றேன்.

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளை இருக்கும் வீட்டில் குழி இருக்கக் கூடாது. ஆனால் குழி போனால் இருக்கை போய்விடும். மாடியில் ஷீட்டுக்குக் கீழே வைத்தால் அது பீரோ கதவு. ஒன்பது வருஷம் நான் கட்டியது ஒரு பீரோ கதவு என்று ஆகிவிடும். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அதுதான் என் கதி.

கொத்தனார் ஆதிகேசவன் திங்கட்கிழமை வருவதாக முடிவாயிற்று. முதல் நாளே குழியில் தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள், கொட்டுகிற மண் நன்றாக இறங்கும் என்றார். ஊற்றினேன். அவர் நான்கு குடம் என்றார். நான் ஒன்பது ஊற்றினேன். கார்த்திகை மாதம், ஏற்கெனவே ஈரம்தான்.

எர்த் ஒயரைச் சனிக்கிழமையே கழற்றிவிட்டேன். எப்படியும் பிரிக்கிற சாமான்தானே. கைப்பிடி ஓர் இரும்புக் குழாய், கலத்தை வேகமெடுக்க வைப்பது. அதன் பெயின்ட்டை அன்றைக்கே தேய்த்தேன். மாடிக்குப் போவதற்கு முன்னால் புதுசாக அடிக்கலாம் என்று. கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்ச் எங்கள் வீட்டில் இல்லை. வாங்கிப் போடுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், எதிலும் குற்றம் இல்லை. நானும் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஞாயிறு காலை பதினொரு மணி இருக்கும். சுகாசினி வளைகாப்பு முடிந்து தாய் வீட்டில் இருந்தாள். அம்மா அவளைப் பார்க்கப் போயிருந்தாள். தம்பி போனைத் தூக்கிக்கொண்டு தறி ரூமுக்கு வந்தான்.

"அண்ணா, பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ எடுத்து வெச்சிக்கலாம். எல்லாத்தையும் ஓட வுடு. பொறக்கப்போறது கேட்டா காட்டணும் இல்ல, பெரியப்பா இன்னா பண்ணாருன்னு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவனை எப்படி அங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவனாகவே வந்துவிட்டான்.

போனை ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்தான். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தான். தறிக்குழியில் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள், மேடம். தறி இல்லாவிட்டாலும் குழி குழிதான். சின்ன வயதில் நான் ஒரு தடவை வைத்து அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் எலக்ட்ரீஷியன் ரப்பர் செருப்பில்லாமல் கரண்டில் கை வைக்கக் கூடாது. நான் நெசவாளி வீட்டில் பிறந்து எலக்ட்ரீஷியனாகப் பிழைத்தவன். ஒன்பது வருஷமும் செருப்போடுதான் அதில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அந்த மரியாதையை மீறியது நான் ஒருவன்தான். தம்பி மீற மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

காலை உள்ளே விட்டவன், "ஐய, சில்லுனு இருக்குது" என்றான்.

உருளையை ஓட விட்டேன். விளக்குகள் ஓடின. அன்னப்பட்சி வானம் எரிந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கேப்டன், ஏழு சூரியன் தாண்டியாச்சு. வூட்டுக்குத் திரும்பலாமா?" என்றான்.

அது நான் கட்டிச் சொன்ன வசனம். ஜன்னலுக்கு வெளியே நின்று, ஹிந்தி தெரியாமல், நானாக உண்டாக்கியது. உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் அவன் அதை வைத்திருந்தான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. ரூமைக் கேட்டபோது வராத அதே வார்த்தை. அது அப்போதும் வரவில்லை. அவன் கைப்பிடியைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். மெயின் சுவிட்ச் என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு நொடி வேலை. அதை நான் முதலில் தொடவில்லை, உண்மைதான். திரையை அணைத்தேன். பிறகு வானம். பிறகு மீட்டர்கள் ஆறும், இடமிருந்து வலமாக. மஞ்சள் விளக்குகள், பச்சை விளக்குகள், சிவப்பு விளக்குகள். பன்னிரண்டாவதாகத்தான் மெயின். வரிசை அப்படி. ஒரு நிமிஷம் ஐம்பது நொடி ஆனதாகச் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு தெரியவில்லை. வரிசை மாறக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. அவன் முன்னால் நான் எப்படி மாற்றுவேன்?

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நான் அழுதேன். அது நடிப்பில்லை. இப்போதும் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்து வைத்தால், தம்பி சாப்பிட்டானா என்று கேட்க வாயெடுக்கிறேன். அவன்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான்கு நாள் பேசாமல் இருந்திருப்போம், பிறகு சரியாகியிருக்கும். அதற்கும் எனக்கு வக்கில்லாமல் போயிற்று.

ஒயர் ஒன்பது வருஷத்தில் தானாகத் தோல் உரிந்து குழாயில் பட்டிருக்கலாம் என்று உங்கள் ஏட்டையா சொன்னார். என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் போலிருக்கிறது. ஆமாம் என்று தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் ஆட்டுகிற தலை இது. ஏட்டையா எழுதிய அந்த வரியை அடித்துவிடுங்கள். தோலை உரித்தது நான். சனிக்கிழமை மத்தியானம், அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு.

சுகாசினி இனி அந்த வீட்டுக்கு வரமாட்டாள் என்று கேள்விப்பட்டேன். கொத்தனாரும் வரவில்லை. வழக்குச் சாமான் என்று ரூமைப் பூட்டிச் சீல் வைத்திருக்கிறீர்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் எதையும் அசைக்கக் கூடாதாமே. அந்த ஜன்னலில் சாரல் அடிக்கும், மேடம். அட்டைகள் நனைந்தால் உப்பிவிடும். முடிந்தால் பலகைமேல் ஒரு தார்ப்பாய் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். வீடியோவில் அவன் கைப்பிடியைத் தொடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்கிறான், உன் உதடு அசைகிறது, உருளைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, என்ன பேசினீர்கள் என்று.

அவன் கேட்டான்: "அண்ணா, இதுல கரண்ட் வருதா?"

நான் யாரிடமும் எதையும் மறுத்ததில்லை என்று சொன்னேன் அல்லவா? அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவனிடம் ஒரே ஒரு தடவை, "இல்லப்பா" என்று சொன்னேன்.